அடுத்த பங்க் வரை

தென் ஆஸ்திரேலியாவில் உள்ள மரீ என்ற சிற்றூரிலிருந்து குயின்ஸ்லாந்து மாநிலத்தின் பேர்ட்ஸ்வில் வரை 517 கி.மீ. நீளத்துக்கு ஒரு மண்சாலை போகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாட்டு மந்தைகளை ரயிலடிக்கு ஓட்டி வருவதற்காக உண்டான தடம் அது. இருபுறமும் பாலைநிலம். மரீயை விட்டு 204 கி.மீ. போனால் முங்கரானி என்ற இடத்தில் ஒரு விடுதி வரும். அங்கே பெட்ரோல் கிடைக்கும். அதை விட்டால் பேர்ட்ஸ்வில்தான். இடையில் 313 கி.மீ.

இப்படிப்பட்ட சாலைகளுக்கு ஆஸ்திரேலியர்கள் விரும்பி எடுக்கும் வண்டிகளில் ஒன்று சுசுகி டிஆர்650. 644 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், கார்புரேட்டர், சிக்கலில்லாத அமைப்பு. 1996இல் வந்த வடிவம் பெரிய மாற்றமில்லாமல் பல்லாண்டுகள் விற்பனையில் இருந்தது. ஓடத் தயாரான நிலையில் எடை 166 கிலோ. டேங்க் 13 லிட்டர். லிட்டருக்கு 20 கி.மீ. கொடுக்கும் என்று வைத்தால் 260 கி.மீ. ஓடும். முங்கரானியில் கழுத்து வரை நிரப்பிக் கிளம்பினாலும், பேர்ட்ஸ்வில்லுக்கு இன்னும் 53 கி.மீ. இருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடும்.

அந்தத் தடத்தில் வண்டி நிற்பது சின்ன விஷயம் இல்லை. 1963 டிசம்பரில் ஒரு குடும்பம் அங்கே வழிதவறியது. காரில் பெட்ரோல் தீர்ந்தது. ஐந்து பேரும் தாகத்தால் இறந்தார்கள். இன்று போக்குவரத்து கூடியிருக்கிறது. செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் கருவிகள் வந்திருக்கின்றன. வெயிலும் தூரமும் அப்படியேதான் இருக்கின்றன.

டிஆர்650 வைத்திருப்பவர்கள் பெரிய டேங்க் தேடுவது இதனால்தான். இத்தாலியின் அசெர்பிஸ் நிறுவனம் 20 லிட்டரில் ஒன்று செய்கிறது. ஆஸ்திரேலியாவின் சஃபாரி நிறுவனம் 30 லிட்டரில் செய்கிறது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டுவது ஒரு பிற்பகல் வேலை. மோட்டார் சைக்கிளில் செய்யக்கூடிய மாற்றங்களிலேயே எளிதானது இதுதான் என்று தோன்றும். ஆனால் கூடுதலாக ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் வண்டியின் சமநிலையைத் தொடுகிறது. ஸ்பிரிங்கை, பிரேக்கை, எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும் வழியை, நாட்டின் சட்டத்தைக்கூடத் தொடுகிறது. எத்தனை லிட்டர் என்பது பாதிக் கேள்வி. அந்த லிட்டர் வண்டியில் எங்கே உட்காரப்போகிறது என்பது மீதிப் பாதி.

ஒரு லிட்டருக்குள் இருப்பது

ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறக்குறைய முக்கால் கிலோ. அதை எரித்தால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மெகாஜூல். மின்சார மீட்டரின் கணக்கில் சொன்னால் கிட்டத்தட்ட 9 யூனிட். இதே 9 யூனிட்டை இன்றைய லித்தியம் அயனி பேட்டரியில் அடைக்க வேண்டுமென்றால் ஐம்பது கிலோ அளவில் பேட்டரி தேவைப்படும். மின்சார வண்டியில் ரேஞ்சை, அதாவது ஒருமுறை நிரப்பினால் ஓடும் தூரத்தை, கூட்டுவது கடினமாகவும் பெட்ரோல் வண்டியில் எளிதாகவும் இருப்பதற்கு அடிப்படைக் காரணம் இந்த வேறுபாடுதான்.

அந்த 32 மெகாஜூலும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய கால் பங்குதான் வண்டியை நகர்த்துகிறது. மற்றது சைலன்சர் வழியாகவும் எஞ்சினின் துடுப்புகள் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. சக்கரத்துக்கு வந்து சேரும் அந்தக் கால் பங்கில் பெரும்பகுதியை, வேகமாக ஓட்டும்போது, காற்று தின்றுவிடுகிறது. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80 கி.மீ. வேகத்தில் ஒரு பங்கு எதிர்ப்பு என்றால் 110இல் ஏறக்குறைய 1.9 பங்கு. எதிர்க்காற்று மணிக்கு 30 கி.மீ. வீசினால், 80இல் ஓட்டுபவரும் 110இல் ஓட்டுபவரின் காற்றைத்தான் சந்திக்கிறார்.

இதில் பெரிய டேங்க் வாங்கும் முன்பே கைக்குக் கிடைக்கும் ஒரு வழி இருக்கிறது. வேகத்தைக் குறைத்தால் ரேஞ்ச் கூடும். டயரின் உராய்வும் எஞ்சினின் உள் இழப்புகளும் குறையாது என்பதால் மைலேஜ் இரட்டிப்பாகிவிடாது. என்றாலும் பாலையில் பெட்ரோல் குறைவதைப் பார்த்த ஒருவர் செய்யக்கூடிய முதல் காரியம் ஆக்சிலரேட்டரைத் தளர்த்துவதுதான்.

மணல் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. மணலில் டயர் ஓரளவு புதைந்தே உருள்கிறது. தனக்கு முன்னால் உள்ள மணலை எந்நேரமும் தள்ளிக்கொண்டே போகிறது. தார்ச்சாலையில் 20 கொடுக்கும் வண்டி மணலிலும் சரளையிலும் 17க்கு இறங்குவது சாதாரணம். அப்போது 13 லிட்டருக்குக் கிடைப்பது 221 கி.மீ. மட்டுமே. கணக்குப் போடும்போது எடுத்துக்கொள்ள வேண்டிய எண் இந்தக் கெட்ட நாளின் மைலேஜ்தான்.

இன்னொரு திருத்தமும் உண்டு. மோட்டார் சைக்கிள் டேங்க் சேஸிஸின் முதுகெலும்புக் குழாய்மீது சேணம்போல உட்கார்ந்திருக்கிறது. அதனால் அடிப்பகுதி இடம் வலமாக இரண்டு பைகளாகப் பிரிந்து தொங்குகிறது. பெட்ரோல் காக் ஒரு பக்கம் மட்டும் இருந்தால், மட்டம் நடு மேட்டுக்குக் கீழே இறங்கியதும் மறுபக்கப் பையில் இருப்பது அங்கேயே தங்கிவிடும். வண்டியைக் காக் உள்ள பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் அது மேட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வரும். டேங்கை அகலமாக்க அகலமாக்க இந்தப் பைகளும் ஆழமாகின்றன. விளம்பரத்தில் உள்ள லிட்டர் வேறு, எஞ்சினுக்குப் போய்ச் சேரும் லிட்டர் வேறு.

டக்கார் கற்றுக்கொடுத்தது

பெரிய டேங்கின் வரலாற்றை எழுதியது சகாரா. 1977இல் அபிஜான்–நீஸ் பந்தயத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய பிரெஞ்சுக்காரர் தியெரி சபீன் பாலைவனத்தில் வழிதவறி, மீட்கப்பட்டார். அந்த அனுபவத்திலிருந்து அவர் உருவாக்கியதுதான் பாரிஸ்–டக்கார். முதல் பந்தயம் 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸிலிருந்து கிளம்பியது. வென்றவர் சிரில் நெவு, வண்டி யமஹா எக்ஸ்டி500. கடையில் விற்ற எக்ஸ்டி500இன் டேங்க் ஒன்பது லிட்டர்கூடக் கொள்ளாது. பாலைவனத்துக்குப் போனவர்கள் அதைக் கழற்றிவிட்டுப் பெரியதை மாட்டிக்கொண்டுதான் போனார்கள்.

பந்தயக்காரர்கள் தாங்களே செய்துகொண்ட இந்த மாற்றத்தைச் சில ஆண்டுகளில் நிறுவனங்கள் தொழிற்சாலையிலேயே செய்தன. 1983இல் யமஹா எக்ஸ்டி600 இசட் தெனெரே 30 லிட்டர் டேங்குடன் வந்தது. பிஎம்டபிள்யூ ஆர்80 ஜி/எஸ் வண்டிக்கு வழக்கமான டேங்க் 19.5 லிட்டர், 1984இல் வந்த பாரிஸ்–டக்கார் வகைக்கு 32 லிட்டர். அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பிஎம்டபிள்யூவில் டக்காரை வென்ற பெல்ஜியத்தின் காஸ்டன் ராயே ஐந்தரை அடிக்கும் குறைவான உயரம் கொண்டவர். அந்த மலை போன்ற வண்டியை அவர் ஆப்பிரிக்கா முழுக்க ஓட்டிச் சென்றதை இன்றும் பந்தய ரசிகர்கள் வியந்து பேசுகிறார்கள்.

எண்பதுகளின் தொழிற்சாலைப் பந்தய வண்டிகள் 50 லிட்டருக்கு மேல் சுமந்தன. அதில் பெட்ரோல் மட்டுமே 37 கிலோவுக்கு மேல். அதுவும் வண்டியின் முன்பாதியில், ஓட்டுபவரின் மார்புக்கு அருகே. இன்று டக்கார் ஓடும் 450 சிசி வண்டிகளைப் பார்த்தால் பாடம் புரியும். கேடிஎம்மின் ராலி வண்டியில் மொத்தம் முப்பது லிட்டரைச் சற்றே தாண்டும் அளவு. அது மூன்று டேங்குகளில் பிரிந்திருக்கிறது. இரண்டு முன்பக்கம் எஞ்சினின் இருபுறமும் தாழ்வாகத் தொங்குகின்றன. ஒன்று சீட்டுக்குப் பின்னால் இருந்துகொண்டு, வண்டியின் பின்பகுதிச் சட்டமாகவும் தானே வேலை செய்கிறது. எந்த டேங்கை முதலில் காலி செய்வது என்பதை ஓட்டுபவர் தீர்மானிக்கலாம். பெட்ரோல் குறையக் குறைய வண்டியின் சமநிலையைத் தானே நிர்வகிக்கிறார். நாற்பது ஆண்டுகளில் பந்தயம் கற்றுக்கொண்டது, லிட்டரைக் கீழே கொண்டுவரவும் பிரித்துவைக்கவும்தான்.

எடை உட்காரும் இடம்

டிஆர்650க்கு வருவோம். 13 லிட்டரின் எடை 9.75 கிலோ. 30 லிட்டரின் எடை 22.5 கிலோ. வித்தியாசம் 12.75 கிலோ.

வண்டியும் 80 கிலோ ஓட்டுநரும் சேர்ந்து 246 கிலோ. இரண்டின் கூட்டு எடைமையம் தரையிலிருந்து 70 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கூடுதல் 12.75 கிலோவை 95 செ.மீ. உயரத்தில் வைத்தால் எடைமையம் ஏறக்குறைய 1.2 செ.மீ. உயரும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் மெதுவாக, கால் ஊன்றி ஊன்றி, மணலில் போகும்போது வண்டி சாயத் தொடங்கியதும் அதைத் தடுத்து நிறுத்த வேண்டிய விசையில் இது தெரியும். விழுந்த வண்டியைத் தனியாளாகத் தூக்கும்போது இன்னும் தெளிவாகத் தெரியும். அதே 12.75 கிலோவை 70 செ.மீ. உயரத்திலேயே தொங்கவிட்டால் எடைமையம் உயராது. பாலைவன டேங்குகள் எஞ்சினின் இருபுறமும் காதுபோல இறங்கியிருப்பது அழகுக்காக என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தக் காதுகள் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை.

காதுகளுக்கு விலையும் உண்டு. முழங்கால்கள் அகன்று நிற்க வேண்டியிருக்கும். நின்றுகொண்டு ஓட்டும்போது உடலை முன்னே கொண்டுபோக இடம் குறையும். எஞ்சினுக்கும் எண்ணெய்க் குளிரூட்டிக்கும் போகும் காற்று மறையக்கூடும். வண்டி விழுந்தால் தரையில் முதலில் மோதுவது அந்தக் காதுகள்தான்.

அடுத்தது திரும்பும் சுலபம். ஒரு பொருளைச் சுழற்றுவது எவ்வளவு கடினம் என்பது அதன் எடையை மட்டும் பொறுத்ததில்லை. சுழலும் மையத்திலிருந்து அது இருக்கும் தூரத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. பத்து லிட்டர் பெட்ரோலை எடைமையத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி டேங்கில் வைப்பதற்கும், 90 செ.மீ. தள்ளிப் பின்கேரியரில் கேனாகக் கட்டுவதற்கும் எடை ஒன்றே. திருப்புவதற்கான எதிர்ப்பு மட்டும் ஒன்பது மடங்கு. பின்னால் கேன் கட்டிய வண்டி சரளையில் வால் ஆட்டத் தொடங்கினால் அந்த ஆட்டத்தை அடக்குவது கடினமாக இருப்பது இதனால்தான்.

முன்னால் கூடும் எடைக்கு வேறு விளைவு. முன் ஃபோர்க்கின் ஸ்பிரிங் கூடுதலாக அமுங்கி வண்டியின் மூக்கு தாழ்கிறது. மூக்கு தாழ்ந்தால் ஸ்டீயரிங்கின் சாய்வுக் கோணம் செங்குத்தை நெருங்குகிறது. நேராக ஓடும்போது சக்கரத்தைத் தானாக நேர்ப்படுத்தும் தன்மை குறைகிறது. மணலில் முன்சக்கரம் புதைகிறது. 30 லிட்டர் டேங்க் மாட்டியவர் ஃபோர்க்கில் சற்று இறுக்கமான ஸ்பிரிங் போட்டுக்கொண்டால்தான் அந்த மாற்றம் முழுமையாகும். டேங்க் வாங்கப் பணம் ஒதுக்குபவர் ஸ்பிரிங்குக்கும் சேர்த்து ஒதுக்க வேண்டும்.

காலையில் 22 கிலோ முன்னால் உட்கார்ந்திருக்கும் வண்டி மாலையில் அந்த எடை இல்லாமல் வந்து சேர்கிறது. ஒரே நாளில் இரண்டு வண்டிகளை ஓட்டுவதற்குச் சமம். ஸ்பிரிங்கைப் பாதி டேங்குக்குப் பொருந்தும்படி அமைத்துவிட்டு, முதல் நூறு கிலோமீட்டரை நிதானமாக ஓட்டுவதே நல்லது.

நிறைகுடம் தளும்பாது

பெட்ரோல் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதும் இல்லை. பிரேக் போட்டால் முன்னால் பாய்கிறது. வண்டி சாய்ந்தால் பக்கவாட்டில் ஓடுகிறது. பழமொழி சொல்வது இயற்பியலில் அப்படியே பொருந்தும். விளிம்பு வரை நிறைந்த பாத்திரத்தில் திரவம் நகர இடமில்லை. பாதி காலியானதும் மேற்பரப்பு விடுதலை பெறுகிறது.

அந்த அலைக்கென்று ஒரு தாளம் உண்டு. பாத்திரத்தின் நீளமும் திரவத்தின் ஆழமும் அதைத் தீர்மானிக்கின்றன. அரை மீட்டர் நீளமும் 15 செ.மீ. ஆழமும் கொண்ட பெட்ரோல் ஏறக்குறைய நொடிக்கு ஒரு முறை முன்னும் பின்னும் ஆடும். கரடுமுரடான சாலையில் நாம் ஆக்சிலரேட்டரையும் பிரேக்கையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் வேகமும் பல நேரம் இதற்கு அருகில்தான் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால் அலை வலுக்கிறது. டேங்கர் லாரிகளுக்குள் தடுப்புத் தகடுகள் வைப்பது இந்த ஒத்திசைவை உடைக்கத்தான். மோட்டார் சைக்கிளில் பக்கவாட்டு ஆட்டத்தைச் சேண வடிவமே ஓரளவு தடுத்துவிடுகிறது. மட்டம் நடு மேட்டுக்குக் கீழே போனதும் ஒரு பெரிய குளம் இரண்டு சிறிய குளங்களாகிவிடுகிறது. முன்பின் ஆட்டத்துக்குப் பெரிய டேங்குகளில் உள்தடுப்போ துளைகள் நிறைந்த ஃபோமோ தேவைப்படலாம்.

டேங்க் மூச்சு விட வேண்டும்

ஒரு லிட்டர் பெட்ரோல் வெளியே போனால் ஒரு லிட்டர் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் உள்ளே அழுத்தம் குறையும், பெட்ரோல் இறங்குவது நிற்கும், எஞ்சின் திணறி அணையும். மூடியைத் திறந்ததும் உஸ்ஸென்று காற்றை இழுத்துக்கொண்டால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். பாலைத் தூசியில் இது அடிக்கடி நடக்கும். துளையிலிருந்து ஒரு சிறு குழாயை எடுத்து ஹேண்டில்பார் குழாய்க்குள் நுழைத்துவிட்டால் தூசி சேராது.

வெளியே விடும் மூச்சும் முக்கியம். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பெட்ரோலின் கன அளவு ஏறக்குறைய ஒரு சதவீதம் கூடும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 30 லிட்டர், வெயிலில் 25 டிகிரி சூடேறினால், ஏறக்குறைய 700 மில்லி கூடுதல் இடம் கேட்கும். விளிம்பு வரை நிரப்பி வெயிலில் நிறுத்திய வண்டியில் அந்த 700 மில்லியும் சூடான எஞ்சின்மேல் வழியக்கூடும். டேங்க் பெரிதானால் விட வேண்டிய இடைவெளியும் பெரிதாக வேண்டும்.

மலையில் இதே விளைவு வேறு காரணத்தால் வருகிறது. மணாலி–லே சாலையின் டாங்லாங் லா கணவாய் 5,300 மீட்டரைத் தாண்டிய உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதி. மணாலியில் இறுக மூடிய கேன் அங்கே உப்பி நிற்கும். மூடியைத் திறந்தால் ஆவியும் பெட்ரோலும் பீறிட்டு வரலாம். எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்து, கேனைத் தரையில் வைத்து, மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும்.

கீழே இருப்பது மேலே எப்படிப் போகும்?

கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோலை எஞ்சினுக்கு அனுப்புவது புவியீர்ப்பு. கார்புரேட்டருக்கு 20 செ.மீ. மேலே உள்ள பெட்ரோல் தரும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தில் வெறும் ஒன்றரை சதவீதம். அவ்வளவே போதும், வடிகட்டியும் குழாயும் சுத்தமாக இருக்கும்வரை. எடையைத் தாழ்த்துவதற்காகக் காதுகளை இறக்கினோமே, அவை கார்புரேட்டரின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால் அங்குள்ள பெட்ரோல் தானாக ஏறாது. அப்போது ஒரு சிறு பம்ப் வேண்டும். எஞ்சினின் உறிஞ்சு குழாயில் ஒவ்வொரு சுற்றிலும் எழும் வெற்றிடத் துடிப்பு ஒரு ரப்பர் சவ்வை ஆட்ட, அந்தச் சவ்வு பெட்ரோலை மேலே தள்ளும். மின்சாரமே வேண்டாத எளிய பம்ப் இது. சவ்வு கிழிந்தால் மாற்ற இன்னொன்றைப் பையில் வைத்திருக்க வேண்டும். எடையைக் கீழே கொண்டுவந்ததற்குக் கொடுத்த விலை அது.

இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் நிலைமை மாறுகிறது. டேங்குக்குள் மூழ்கியிருக்கும் மின்பம்ப் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்புகிறது. மேலே சொன்ன புவியீர்ப்பு அழுத்தத்தைப்போல இருநூறு மடங்கு. அந்தப் பம்ப்பைக் குளிர வைப்பதும் சுற்றியுள்ள பெட்ரோல்தான். ஆகவே புதிய டேங்க் செய்பவர் பம்ப்புக்கு ஆகத் தாழ்ந்த இடத்தைக் கொடுக்க வேண்டும். அளவுமானியின் மிதவை பழைய டேங்கின் வடிவத்துக்கு ஏற்ப அளவிடப்பட்டது. புதிய வடிவத்தில் முள் பொய் சொல்லும். பெரிய டேங்க் மாட்டியவர் முள்ளை விட்டுவிட்டு, ஓடிய கிலோமீட்டரை நம்பக் கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிக்கல்களுக்காகவே பலர் பழைய டேங்கைத் தொடாமல் துணை டேங்க் ஒன்றைச் சேர்க்கிறார்கள். அதில் ஓர் அழகான முறை உண்டு. முதன்மை டேங்கின் மூடியைக் காற்றுப் புகாமல் அடைத்துவிட்டு, அதன் காற்றுக்குழாயைத் துணை டேங்கின் அடியில் இணைப்பார்கள். துணை டேங்குக்கு மட்டும் வெளிக்காற்று போகும். எஞ்சின் முதன்மை டேங்கிலிருந்து பெட்ரோலை எடுக்க எடுக்க உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள வளிமண்டலம் துணை டேங்கின் பெட்ரோலை அழுத்தி முதன்மை டேங்குக்குள் அனுப்புகிறது. துணை டேங்க் காலியாகும்வரை முதன்மை டேங்க் நிறைந்தே இருக்கும். பம்ப் இல்லை, சுவிட்ச் இல்லை. தலைக்கு மேல் உள்ள காற்றின் எடையே வேலை செய்கிறது.

சுவர்

தொழிற்சாலை டேங்குகள் பெரும்பாலும் எஃகுத் தகட்டை அழுத்தி வடித்து, பற்றவைத்துச் செய்யப்படுகின்றன. பாலைவன டேங்குகளோ பெரும்பாலும் பாலிஎத்திலீன். தூளாக உள்ள பிளாஸ்டிக்கை அச்சுக்குள் போட்டு, அந்த அச்சை அடுப்பில் இரு திசைகளில் மெல்லச் சுழற்றினால் தூள் உருகி உட்சுவர் முழுக்கப் படிகிறது. தையலே இல்லாத, தடித்த சுவர் கிடைக்கிறது. விழுந்தால் நசுங்கி, மீண்டும் வடிவத்துக்கு வரும். துருப்பிடிக்காது. எஃகில் வடிக்க முடியாத காதுகளையும் குழிவுகளையும் இதில் வடிக்கலாம்.

இந்தச் சுவருக்கு ஒரு பலவீனம் உண்டு. பெட்ரோலின் மூலக்கூறுகள் பாலிஎத்திலீனுக்குள் கரைந்து, மிக மெதுவாக மறுபக்கம் வெளியேறுகின்றன. பிளாஸ்டிக் டேங்கின்மேல் ஒட்டிய ஸ்டிக்கர் சில மாதங்களில் கொப்புளம் கொப்புளமாக எழுவது இதனால்தான். அமெரிக்கா 2008 முதல் புதிய மோட்டார் சைக்கிள்களின் டேங்க் சுவர் வழியாக இப்படிக் கசிவதற்கு ஒரு நாளைக்குச் சதுர மீட்டருக்கு 1.5 கிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. மூடிய அறைக்குள் இந்த வண்டியை நிறுத்தி, பக்கத்தில் விளக்கேற்றுவது கூடாது.

நம் ஊரில் பழைய எஃகு டேங்கை வெட்டி, தகடு சேர்த்து, பற்றவைத்துப் பெரிதாக்கித் தருபவர்கள் இருக்கிறார்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். காற்றில் பெட்ரோல் ஆவி ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் இருந்தால் வெடிக்கும். நிறைந்த டேங்கின் மேலுள்ள ஆவி பெரும்பாலும் இந்த வரம்பைத் தாண்டிச் செறிந்திருக்கும். காலி செய்துவிட்டதாக நாம் நம்பும் டேங்கில்தான் ஆவி சரியாக இந்த வரம்புக்குள் வந்து நிற்கும். ஒரு நாள் வெயிலில் காயவைத்தது போதாது. ஆவியை முழுதாக வெளியேற்றும் முறையும் அனுபவமும் இல்லாத பட்டறையில் டேங்கைக் கொடுக்காதீர்கள். வெல்டிங் செய்பவரின் உயிர் அதில் இருக்கிறது.

எவ்வளவு போதும்?

கணக்கு ஒரே வரி. உங்கள் பயணத்தில் இரண்டு பெட்ரோல் பங்க்குகளுக்கு இடையிலான மிக நீண்ட தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வழிதவறுவதற்கும் திரும்பி வருவதற்கும் கால் பங்கு கூட்டுங்கள். கெட்ட நாளின் மைலேஜால் வகுங்கள்.

முங்கரானி–பேர்ட்ஸ்வில்லுக்கு 313உடன் கால் பங்கு சேர்த்தால் 391 கி.மீ. லிட்டருக்கு 17 என்றால் 23 லிட்டர். 20 லிட்டர் டேங்க் போதாது. 30 லிட்டர் டேங்க் சரி, ஆனால் அதில் 23 லிட்டர் ஊற்றினால் போதும். ஊற்றாத 7 லிட்டர் ஐந்து கிலோவுக்கு மேல் எடையை மிச்சப்படுத்துகிறது. பெரிய டேங்க் வைத்திருப்பதன் உண்மையான பயன் இதுதான். காலியிடத்துக்கு எடை இல்லை. தேவைப்படும் நாளில் மட்டும் அதைப் பயன்படுத்தலாம்.

இமயமலைக்கு வருவோம். இமாசலப் பிரதேசத்தின் டாண்டி பங்க்கில் அடுத்த பங்க் 365 கி.மீ. என்று எழுதிய பலகையைத் தமிழ்நாட்டிலிருந்து லடாக் போன பலர் படமெடுத்து வந்திருக்கிறார்கள். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411இன் டேங்க் 15 லிட்டர். சமவெளியில் லிட்டருக்கு 30 கொடுத்தால் 450 கி.மீ. ஏற்றமும் குளிரும் மெல்லிய காற்றும் சேர்ந்து 25க்கு இறக்கினால் 375. பலகையிலுள்ள தூரத்தைவிடப் பத்து கிலோமீட்டர்தான் கூடுதல். நம் கணக்குப்படி 365உடன் கால் பங்கு சேர்த்து 456. 25ஆல் வகுத்தால் 18 லிட்டரும் சொச்சமும். ஐந்து லிட்டர் கேன் ஒன்றை முடிந்தவரை தாழ்வாக, வண்டியின் நடுப்பகுதிக்கு அருகில் கட்டிக்கொண்டால் தேவை தீர்ந்தது. ஆண்டுக்கு ஒரு வாரம் போகும் மலைப் பயணத்துக்காக, மற்ற நாளெல்லாம் நகர நெரிசலில் உருட்டும் வண்டியின் டேங்கை மாற்ற வேண்டியதில்லை.

மைலேஜை அளக்கும்போது இன்று பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலைக் கொண்டே அளக்க வேண்டும். எத்தனாலில் லிட்டருக்கு ஏறக்குறைய 21 மெகாஜூல்தான். அதனால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலில், கலக்காத பெட்ரோலைவிட, லிட்டருக்கு 7 சதவீதம் வரை ஆற்றல் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் குறித்துவைத்த மைலேஜை நம்பிக் கிளம்பினால் கணக்கு தவறும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. டேங்கை மாற்றும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுத் தெளிவது நல்லது.

ரேஞ்ச் என்பது தொலைவில் இருக்கும் மனிதருக்குப் பாதுகாப்பு. அதைச் சேர்த்துக்கொள்ள விரும்புவது வீண் ஆசை இல்லை. ஆனால் வண்டி தாங்கும் எடைக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் பெட்ரோலும் தண்ணீரும் உணவும் பஞ்சர் போடும் சாமான்களும் இடம் கேட்டுப் போட்டியிடுகின்றன. அடுத்த பங்க் வரை தேவையான பெட்ரோலைக் கணக்கிட்டு ஊற்றுங்கள். அதைத் தாழ்வாக வையுங்கள். மிச்சமாகும் ஒவ்வொரு கிலோவையும் குடிநீருக்குக் கொடுங்கள்.